சாலைக்கு அந்தப் பக்கத்தவர்களுக்காக

மூன்று நாள் சண்டை ஓய்ந்து புருல் ஊர் திரும்பியபோது, வீடு இருந்த இடத்தில் கரி படிந்த நான்கு சுவர்கள்தான் நின்றன. கூரை இல்லை. மூட்டை மூட்டையாகக் காயவைத்திருந்த ஆப்ரிகாட் பழமும் சாம்பல். புருஷன் அசான் இடிபாட்டைக் கிளறி ஒரு கெட்டிலை எடுத்தான்.

வாய்க்கால் தண்ணீருக்காக வந்த தகராறு. ஊர் நடுவே ஓடும் தார்ச்சாலைதான் இரண்டு நாட்டுக்கும் எல்லை. இந்தப் பக்கம் கிர்கிஸ்காரர்கள், அந்தப் பக்கம் தாஜிக்குக்காரர்கள். கல்லெறிதலில் ஆரம்பித்தது துப்பாக்கியில் போய் முடிந்தது.

அந்தப் பக்கத்து மொகிராவிடமிருந்து அன்றே போனில் ஒரு செய்தி வந்திருந்தது. "உயிரோட இருக்கியாடி?" புருல் பதில் போடவில்லை. ஒன்பது நாளாகியும் போடவில்லை.

மொகிராவும் அவளும் ஒரே சபை. எர்மெக் போதகர் வீட்டில் ஞாயிறுதோறும் கூடும் ஒன்பது பேரில் சாலையைத் தாண்டி வருகிறவள் மொகிரா ஒருத்திதான். இரண்டு நாட்டு அதிபர்களுக்காகவும் ஜெபிப்பது அங்கே வழக்கம். கிர்கிஸ் அதிபருக்காக மொகிரா ஜெபிப்பாள், தாஜிக் அதிபருக்காகப் புருல். "அவங்கவங்க ஆளுக்கு அவங்கவங்களே வேண்டினா செல்லம் கொடுத்துடுவோம்டி" என்பாள் மொகிரா.

இந்த ஞாயிறு பாட்டு முடிந்ததும் எர்மெக் புருலைப் பார்த்தார். அவளைவிட எட்டு வயது இளையவர்.

"அக்கா, நாடுகளுக்காக நீங்க ஜெபிக்கிறீங்களா?"

"கேக்க வேற ஆள் கெடைக்கலையா உங்களுக்கு?"

புருல் பாட்டுப் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தாள்.

"ராஜாக்களெல்லாம் கர்த்தர் கையிலன்னு போன மாசம் பேசினீங்களே தம்பி. என் வீடு எரியறப்போ அந்தக் கை எங்க இருந்துச்சு?"

எர்மெக் தலை குனிந்தார். "தெரியலக்கா. நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆனா அவர் கையில இல்லைன்னா வேற யாரு கையில? துப்பாக்கி வச்சிருக்கறவன் கையிலயா? அப்படி நம்பிட்டா என்னால தூங்கவே முடியாது."

புருலுக்குக் கோபம் குறையவில்லை. அப்படியே எழுந்து கண்களை மூடினாள்.

"ஆண்டவரே, எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கல. உமக்கே தெரியும். அந்தப் பக்கத்து அதிபரும் உம்ம கையிலதான். நம்ம ஆளும்தான். தீ வச்சவனும்தான். அவங்க பிள்ளைங்க குளிர்ல கெடக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆமென்."

கூட்டம் முடிந்ததும் முற்றத்துக்கு வந்து மொகிராவைப் போனில் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அவள்.

"செத்துட்டேன்னு நெனச்சேன்டி பாவி!"

"என் வீடு போச்சு, மொகிரா."

"எங்க மாட்டுக்கொட்டகை போச்சு. கொழுந்தனுக்குக் கால்ல குண்டு. உங்க ஆளுங்கதான் மொதல்ல சுட்டாங்க."

"பொய் சொல்லாத. உங்க ஆளுங்கதான்."

"நீ பாத்தியா?"

"நீ பாத்தியா?"

இரண்டு பேருமே பார்த்திருக்கவில்லை. முதல் குண்டு வெடித்தபோது இருவரும் அவரவர் வீட்டு நிலவறையில் பதுங்கிக் கிடந்தவர்கள். பிறகு மொகிரா அழுதாள். புருலும் அழுதாள். அழுதுகொண்டே, "கால் எப்படி இருக்கு அவனுக்கு?" என்று கேட்டாள்.

சாலையில் முள்கம்பி போட்டாயிற்று. இனி மொகிரா சபைக்கு வர முடியாது. எப்போது திறக்கும் என்று எல்லைக்காவலனுக்கும் தெரியாது.

மறுநாள் அரசாங்கம் கொடுத்த தகரத்தைக் கூரையில் ஏற்ற ஆட்கள் வந்தார்கள். புருல் மாவு பிசைந்து அவர்களுக்கு ரொட்டி சுட்டாள். ஏணியில் நின்ற அசான் கீழே பார்த்து, "மேற்கால ஜன்னல் வைக்கவா, வேணாமா? அந்தப் பக்கம் அவங்க வீடுங்கதான் தெரியும்" என்று கேட்டான்.

அவள் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு யோசித்தாள்.

"வை" என்றாள்.