ஆறு மணிக்குள் வாசலைத் தாண்ட வேண்டும்

ஐந்து பத்துக்கு அவள் பிரதான சாலையில் ஏறினாள். ஏறினாள் என்பதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். முன்னால் நின்ற வெள்ளை வேன் ஒரு முழம் நகர்ந்தது, இவளும் ஒரு முழம் நகர்ந்தாள். துணிக்கடையில் அளப்பது போல முழம் போட்டுத்தான் அந்த ஊரில் சாயங்காலம் வீடு போய்ச் சேர முடியும்.

அவளுக்குப் பல் செய்கிற வேலை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்பிவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு முகம் தெரியாத ஆட்களுக்குக் கடைவாய்ப் பல்லும் முன்பல்லும் செய்து, ராவி, சூளையில் சுட்டு எடுப்பாள். இன்றைக்குக் கடைசிப் பல் சூளைக்குள் போகும்போதே ஐந்தடிக்கப் பத்து நிமிஷம்.

"முதலாளி, ஆறினதும் எடுத்து வெச்சிடுங்க. நான் ஓடுறேன்."

"உனக்குப் பல்லு முக்கியமா, புள்ள முக்கியமா?"

"பல்லைக் கூப்பிட ஆறு மணிக்குப் போகவேண்டியதில்லையே முதலாளி."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பிள்ளைக்கு மூன்று வயது. வீட்டில் வைத்த பெயர் வேறு, காப்பகத்திலும் வீட்டிலும் எல்லாரும் கூப்பிடுவது வாலு என்றுதான். காப்பகத்தின் சட்டம் ஒன்றே ஒன்று: ஆறு மணிக்குள் பிள்ளை வாசலைத் தாண்டிவிட வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று தடவை தாண்டாமல் போனால் இடம் போய்விடும். அந்த இடத்துக்கு நாற்பது பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கின்றன. இந்த மாதம் ஏற்கெனவே இரண்டாகிவிட்டது. ஒன்று, முட்டை லாரி ஒன்று சாலையின் குறுக்கே கவிழ்ந்து மூன்று கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்ற அன்றைக்கு. இன்னொன்று, அவளே சூளையை மறந்துபோய்ப் பாதி வழியில் திரும்பிய அன்றைக்கு. இன்றைக்கும் தவறினால் நாளை முதல் வாலு வீட்டில், வாலுவோடு அவளும் வீட்டில். அடுத்த காப்பகம் ஊரின் மறுகோடியில் இருந்தது, அங்கே போய்த் திரும்பினால் பல் செய்ய நேரம் இருக்காது. பதினோரு வருஷம் கற்ற வேலையை ஒரு முட்டை லாரிக்காக விட அவளுக்கு மனமில்லை.

நடந்து போகக்கூடாதா, பஸ் கிடையாதா என்று கேட்பவர்கள் அந்த ஊரைப் பார்த்ததில்லை. பஸ் ஓடியதற்கு அடையாளமாக ஒரு நிழற்குடை மட்டும் மிச்சமிருந்தது, அதன் கீழே ஒருவர் பழைய டயர் விற்றுக்கொண்டிருந்தார். பால் வாங்க வேண்டுமானாலும் கார், முடி வெட்டிக்கொள்ள வேண்டுமானாலும் கார். உடம்பு இளைக்க நடக்கச் சொன்னார் டாக்டர் என்று பூங்காவுக்குக் காரில் போய், நிறுத்த இடமில்லாமல் நடக்காமலே திரும்பி வருகிற ஜனங்கள்.

கைப்பேசியில் வழி சொல்லும் அம்மாள் அவளைக் கலங்கடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போய்ச்சேரும் நேரம் ஆறு நாலு என்றாள். அடுத்த சிக்னலில் ஆறு ஒன்று. அதற்கடுத்ததில் மறுபடி ஆறு மூன்று.  காலையிலிருந்து அவள் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் வழியில் அடக்க முடியாது, இறங்குவதற்கும் இடம் கிடையாது. தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி நின்றன.

அவள் மற்ற வண்டிகளோடு பேசுகிறவள். வீட்டில்கூட அவ்வளவு பேச மாட்டாள்.

"நீ போ மகராசா, நீ போய்த்தான் உலகத்தைக் காப்பாத்தணும். இண்டிகேட்டர்னு ஒண்ணு வெச்சிருக்காங்களே, அது என்ன அலங்காரத்துக்கா? ஏம்மா, பச்சை விழுந்து எத்தனை நாளாச்சு, இன்னும் என்ன உள்ள மேக்கப்?"

இடது தடத்துக்குத் தாவினாள். வலது தடம் ஓட ஆரம்பித்தது. வலதுக்குத் தாவினாள், இடது ஓடியது. அழுகையே வந்துவிட்டது. மஞ்சள் விளக்கு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள். ஒரு பெட்ரோல் பங்குக்குள் நுழைந்து மறுவழியாக வெளியே வந்து பதினோரு வண்டிகளை முந்தினாள். அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை, பெருமைதான் இருந்தது. வழி சொல்லும் அம்மாள் ஐந்து ஐம்பத்தெட்டு என்றாள், பிறகு ஐந்து ஐம்பத்து நாலு என்றாள்.

ஐந்து ஐம்பத்தொன்றுக்குக் காப்பகத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினாள்.  வாசலில் நின்ற காப்பக அக்காவைப் பார்த்து ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவள் போலச் சிரித்தாள். பெற்றோர்கள் தங்களுக்குள் அந்த அக்காவுக்கு வைத்த பெயர் ஆறுமணி அக்கா. ஆனால் அவள் கெட்டவள் இல்லை. பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் தன் சேலையிலேயே துடைத்துவிடுவாள்.

"வந்துட்டீங்களே! பரவால்ல. புள்ளையோட கார் சீட்டு எங்கம்மா? அலமாரியில காணோமே?"

அங்கேதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிள்ளைகளைக் காரில் உட்காரவைக்கும் பட்டி போட்ட இருக்கை அவர்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது, வண்டிகள் இரண்டு. அதற்கு ஊரில் பாதிப் பேர் செய்கிற ஏற்பாட்டையே இவர்களும் செய்துகொண்டார்கள். காலையில் கணவன் வாலுவை இறக்கிவிடும்போது இருக்கையையும் கழற்றி, வாசலோரத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போவான். சாயங்காலம் அவள் எடுத்துத் தன் வண்டியில் மாட்டிக்கொள்வாள். அலமாரியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் ஒட்டிய தட்டு உண்டு. வாலுவின் தட்டில் கிளிப்படம் இருந்தது, இருக்கை இல்லை.

கணவனை அழைத்தாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்கக் கட்டடம் கட்டடமாக வண்டி ஓட்டுகிறவன்.

"சீட்ட எடுத்து வெச்சீங்களா இல்லையா?"

"ஐயோ."

"என்ன ஐயோ?"

"பின்னாடி ஏழெட்டு வண்டி நின்னுச்சும்மா. புள்ளைய இறக்கி உள்ள விட்டுட்டு, அந்த அவசரத்துல அப்படியே... பின்னாடிதான் இருக்கு. இப்பத்தான் பாக்குறேன்."

"எங்க இருக்கீங்க?"

"தண்ணித்தொட்டி சிக்னல். இருபது நிமிஷத்துல வந்துடுறேன். அக்காகிட்ட கெஞ்சிப் பாரு. நான் எப்படியாவது பறந்து வரேன்."

அக்காவிடம் கெஞ்சினாள். கெஞ்சிப் பழக்கமில்லாதவள், அதனால் அது அதட்டுவது போல வந்தது.

"நாலு கிலோமீட்டர்தான் அக்கா. மெதுவா ஓட்டிட்டுப் போயிடுவேன்."

"சீட்டு இல்லாத வண்டியில ஏத்தி அனுப்பினா இந்தக் காப்பகத்தையே மூடிடுவாங்கம்மா. என்னால முடியாது. வாசல் வண்டி வர்ற வழி, அங்க புள்ளைய வெச்சுக்கிட்டு நின்னு காத்திருக்கவும் விடமாட்டாங்க. ஆறு தாண்டினா நான் எழுதாமலும் இருக்க முடியாது. மேல ஒருத்தங்க தினம் புஸ்தகத்தப் பாக்குறாங்க."

ஐந்து ஐம்பத்தாறு. வாலு வந்து காலைக் கட்டிக்கொண்டது. அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரில் ஆறு தடச் சாலை, அதற்கு அப்பால் அவர்களுடைய அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் வாலு நனைத்த போர்வை காய்ந்துகொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. காரில் போனால் பாலத்தடி வரை சென்று திரும்பி வர நாலு கிலோமீட்டர். கண்ணால் போனால் ஒரு கூப்பிடு தூரம்.

"நடந்து போறேன்" என்றாள்.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எப்படி நடப்பீங்க?"

"கால்லதான்."

பதிவேட்டில் அடுத்த சிக்கல். பிள்ளையின் பெயர், அழைத்துப் போகிறவர், நேரம், வண்டி எண். வண்டி எண் கட்டத்தை வெறுமனே விட முடியாது என்றாள் அக்கா. அவள் அதில் 'நடை' என்று எழுதினாள். அக்கா தலையைச் சொறிந்தாள். இருபது வருஷத்தில் அந்தக் கட்டத்தில் எழுத்து விழுந்ததில்லையாம், எண்தானாம். கடைசியில், "கைய விட்டுடாதீங்க, பத்திரம்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள். ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு வாலு வாசலைத் தாண்டியது.

அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. இடம் தப்பியது, வேலை தப்பியது. 'நடந்தே வீட்டுக்குப் போறோம், நீங்களும் வீட்டுக்கே போங்க' என்று கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைத் தொடக்கூடாது என்று சண்டை போட்டு அவனைத் திருத்தியவள் அவள்தான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

"காருல போலயா?" என்றது வாலு.

"நடக்கப் போறோம்."

"ஏன்? கார் செத்துப் போச்சா?"

தினமும் இரண்டு தடவை போகிற சாலைதான். அதன் ஓரத்தில் கால் ஊன்றி நின்றது அதுவே முதல் தடவை. காருக்குள்ளேயிருந்து பார்க்கும்போது நத்தையாக ஊர்ந்த சாலை அந்த இடத்தில் சிக்னலைத் தாண்டிய வேகத்தில் சீறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு லாரியும் போகும்போது சூடான காற்று முகத்தில் அறைந்தது. கடப்பதற்கான கோடுகள் இரண்டு சிக்னல் தள்ளி இருந்தன. அங்கே போகலாம் என்று நடந்தாள். இருபது அடியில் நடைபாதை முடிந்து கார் விற்கிற கடையின் புது வண்டிகள் சாலைவரை வரிசையாக நின்றன. அவற்றைச் சுற்றிப் போக சாலையில்தான் இறங்க வேண்டும். திரும்பி வந்தாள். நடுத்திட்டின் செடிகளுக்கிடையில் ஓரிடத்தில் மண் தேய்ந்து வழுவழுவென்று தெரிந்தது. ஆக, யாரோ கடக்கிறார்கள். யார் அவர்கள், ஒரு நாள்கூட என் கண்ணில் படவில்லையே என்று நினைத்தாள்.

பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ஏழு நிமிஷம் காத்திருந்த பிறகு வண்டிகளுக்கிடையில் ஒரு சந்து கிடைத்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி நடுத்திட்டில் ஏறினாள்.  வாலுவுக்கு ஒரே குஷி. "இன்னொரு தடவ!" என்றது.

இன்னும் பாதி இருந்தது. இந்தப் பக்கம் சந்தே கிடைக்கவில்லை. ஓட்டுகிறவர்களின் முகங்கள் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. எல்லாம் அவளுக்குத் தெரிந்த முகம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு தூரத்தில் சிக்னலை மட்டும் பார்க்கிற முகம். ஒருவரும் கெட்டவர்களாகத் தெரியவில்லை. ஒருவரும் நிற்கவும் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. திரும்பிப் போகவும் முடியாது. தான் செய்தது பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. ஓர் இடத்தையும் ஒரு வேலையையும் காப்பாற்றுவதற்காகப் பிள்ளையைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆறேகாலுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. திட்டிலிருந்து இறங்கி இரண்டடி வைத்தாள். மறுகோடித் தடத்தில் வந்த சாம்பல் நிறக் கார் ஒன்று, உள்தடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே குறுக்கே பாய்ந்தது. ஹாரன் நீளமாக அலறியது. அவள் பின்னால் துள்ளினாள், திட்டின் விளிம்பில் கால் இடறி உட்கார்ந்தாள், முழங்கை சிராய்ந்தது. பிள்ளையை மட்டும் விடவில்லை. கார் ஒரு நொடி வளைந்து, வேகம் குறையாமல் பாலத்தை நோக்கிப் போனது. பின் கண்ணாடிக்குள் பச்சைத் துணி போட்ட சின்ன இருக்கை காலியாகத் தெரிந்தது.

"அப்பா!" என்று வாலு கூவியது. சந்தோஷம் தாங்காமல் இரண்டு கையையும் ஆட்டியது. "அப்பா! அப்பா!"

அவள் எழுந்திருக்கவில்லை.  பிள்ளையைச் செடிகளின் பக்கமாக இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டு அழுதாள். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

எட்டு நிமிஷம் கழித்துக் கைப்பேசி அடித்தது.

"எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்? உன் வண்டி இங்க நிக்குது. அக்கா என்னமோ நடந்து போயிட்டாங்கங்கிறாங்க. எழுதிட்டாங்களா?"

"எழுதல. ஆறுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டோம்."

"அப்பாடா! இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதுல வழியில ஒரு லூசு வேற, நடு ரோட்டுல புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு குறுக்க இறங்குது. ஒரு அடி தள்ளிப் போயிருந்தா அவ்வளவுதான். இவளுக்கெல்லாம் எதுக்கு ஒரு புள்ளனு வாய் வரைக்கும் வந்துடுச்சு. சரி விடு. எங்க நிக்கிற, சொல்லு, வந்து ஏத்திக்கிறேன்."

அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். 

"ஹலோ? கேக்குதா? எங்க இருக்க?"

வாலு எட்டிக் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டது. அதற்கு மனத்தாங்கல். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கேட்டது.

"அப்பா, நான் எவ்ளோ கை ஆட்டினேன். நீ ஏம்ப்பா என்னைப் பாக்கல?"