எண்பத்து நான்கு ஜோடி முழங்கால்கள்

எங்கள் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் காலை ஒன்பது மணிக்கு முழங்கால்களைக் கழற்றி என்னிடம் ஒப்படைப்பார்கள். இரவு கடை மூடும்போது திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நான் டோக்கன் கவுண்ட்டர் பொறுப்பாளர். எனக்கு வலப்பக்க அடுக்கில் வாடிக்கையாளர்களின் பைகள் இருக்கும், இடப்பக்க அடுக்கில் பெண்களின் முழங்கால்கள். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரே ஒருமுறை மாறிப்போயிருக்கிறது. ஓர் அம்மாள் காய்கறிப் பைக்குப் பதிலாக ஒரு ஜோடி முழங்காலை வாங்கிக்கொண்டு தென்காசி பஸ் ஏறிவிட்டார். மறுநாள் அவரே கொண்டுவந்து கொடுத்தார். முருங்கைக்காய்தான் வாடிவிட்டது.

கடையில் எல்லாரும் முட்டி என்றுதான் சொல்வார்கள். பதிவேட்டில் நான் முழங்கால் என்றே எழுதுகிறேன். எழுத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும்.

நிற்பதுதான் வேலை என்றான பிறகு, மடங்குகிற உறுப்பு ஒன்று உடம்பில் இருப்பது கவனத்தைச் சிதறடிக்கும் என்பது பெரிய முதலாளியின் கருத்து. அவர் காலமாகிவிட்டார், கருத்து இருக்கிறது. ஆண்கள் முப்பத்தொரு பேருக்கும் முழங்கால் அவர்களிடமே இருக்கும், ஏணியில் ஏற வேண்டும் என்பதற்காக. பெண்களும் ஏணியில் ஏறுகிறார்கள். கவராயம் நடப்பதைப்போல ஒரு காலை வீசி, மறு காலை வீசி ஏறுகிறார்கள். பார்க்க அழகாகவே இருக்கும். கீழே விழுந்த சேலையை மீட்டர் கோலால் எடுத்துவிடுவார்கள்.

வாடிக்கையாளராக வரும் பெண்களுக்கு இந்த விதி கிடையாது. கல்யாணப் பட்டு எடுக்க இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமே.

கழிவறைக்குப் போக வேண்டிய பெண்களுக்காகப் பொது முழங்கால் ஒரு ஜோடி ஆணியில் தொங்கும். ஆளுக்கு ஒரு நாளில் இரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம். அதில் கட்டியிருக்கும் சீட்டில் எண் 1 என்றிருக்கிறது. பதிவேட்டின் முதல் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டதால் யாருடையது என்று தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வந்தது. யாரும் கேட்டு வரவில்லை. அளவு எல்லாருக்கும் ஓரளவு பொருந்தியது.

போன வருடம், பெண்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசு ஆணை வந்தது. முதலாளி சட்டத்தை மதிப்பவர். அதே வாரம் எண்பத்து நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. ஆய்வு செய்ய ஓர் அதிகாரி அம்மா வந்தார். அவரும் பணியில் இருக்கும் பெண்தான் என்பதால் முழங்கால்களை என்னிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டார். நின்றபடியே ஸ்டூல்களை எண்ணினார். நின்றபடியே ‘இருக்கைகள் போதுமானவை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு ஸ்டூல்களின் மேல் ஜாக்கெட் துணிகளை அடுக்கினோம்.

இந்த நிலையில்தான் கடையின் ஒரே மாடி சூப்பர்வைசரான செல்லப்பாண்டி ஓய்வு பெற்றார்.

சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுக்கும் முறை எங்கள் கடையில் பழையது, எளிமையானது. மாடியில் பட்டுப் பிரிவின் மூலையில், என் கவுண்ட்டரிலிருந்து தெரிகிற இடத்தில், சூப்பர்வைசர் நாற்காலி இருக்கிறது. விண்ணப்பித்தவர் ஒரு முற்பகல் முழுக்க அதில் உட்கார்ந்து காட்ட வேண்டும். முதலாளி அவ்வப்போது வந்து பார்ப்பார். உட்காருகிற களை இருக்கிறவருக்கு வேலை. செல்லப்பாண்டி அந்தக் காலத்தில் நான்கு பேரை உட்கார்ந்தே தோற்கடித்தவர்.

இந்தமுறை ரூபன் விண்ணப்பித்தான். வயது இருபத்து நான்கு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். அவனுக்குச் சேலை மடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் சண்முகவடிவு.

வடிவு பன்னிரண்டு வருடமாகப் பட்டுப் பிரிவில் நிற்கிறாள். டோக்கன் எண் 37. ஒருநாள் காலை முழங்கால்களைக் கொடுக்கும்போது கவுண்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“அண்ணாச்சி, நானும் உக்காந்து காட்டணும். பகல்ல எம் முட்டிய எனக்குத் தருவியளா?”

“படிவம் இருக்கு தாயி. சூப்பர்வைசர் கையெழுத்து வேணும்.”

“சூப்பர்வைசர்தான் இல்லயே.”

“அதனாலதான் இப்ப தர முடியாது.”

இது நான் வேண்டுமென்று சொன்னதல்ல. ‘பணிநேர முழங்கால் வழங்கல் படிவம்’ என்று ஒன்றைப் பெரிய முதலாளி ஐந்நூறு பிரதி அச்சிட்டு வைத்திருந்தார். மாடி சூப்பர்வைசர் கையொப்பமிட்டால் போதும். மேல் அனுமதி எதுவும் தேவையில்லை. என் காலத்தில் ஒரே ஒரு பெண் அதை நிரப்பிச் செல்லப்பாண்டியிடம் கொடுத்தாள். அவர் “எதுக்கு?” என்று கேட்டார். படிவத்தில் ‘எதற்கு’ என்று ஒரு கட்டம் இல்லாததால் அவளால் பதில் எழுத முடியவில்லை. அதன் பிறகு படிவங்கள் வடை எண்ணெய் ஒற்றப் பயன்பட்டன. நூற்றுச் சொச்சம் மீதி இருந்தன.

“இந்தத் தடவ விட்டா, பொறவு ரூபன் ரிட்டயராவணும்,” என்றாள் வடிவு. “அவனுக்கு அம்பத்தெட்டு ஆவும்போது எனக்கு அறுவத்தெட்டு. அப்ப முட்டி இருந்தாலும் மடங்காது.”

கணக்கு சரியாக இருந்தது. தவறான கணக்கோடு ஒருவர் வந்தால் திருத்தி அனுப்பிவிடலாம். சரியான கணக்கோடு வந்தால் விதிப்புத்தகத்தைத் திறக்கத்தான் வேண்டும். நான் திறந்தேன். முழங்கால் விதியில் ‘பணியில் இருக்கும் பெண்’ என்றுதான் எழுதியிருந்தது.

“வடிவு, உனக்கு லீவு பாக்கி இருக்கா?”

“பதினோரு நாள் கெடக்கு.”

“ஒரு நாள் லீவு போடு. லீவுல கடைக்கு வந்தா நீ யாரு?”

அவள் ரூபன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பை கொண்டாரட்டுமா அண்ணாச்சி?”

“கொண்டா. அதுக்கு டோக்கன் தாரேன்.”

வியாழக்கிழமை அவள் மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு, சொந்த முழங்கால்களோடு, வாசற்படி ஏறி வந்தாள். பையை என்னிடம் கொடுத்தாள். கீழ்த்தளத்தில் ஒரு கைக்குட்டை வாங்கி, பில்லைக் கையில் வைத்துக்கொண்டாள். நேராக மாடிக்குப் போய்ச் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைக்குள் உட்காருவது பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை என்பதால் கொஞ்சம் மெதுவாக உட்கார்ந்தாள்.

முதலாளி பத்தேகாலுக்கு வந்தார்.

“ஏ வடிவு, இங்க என்ன செய்த?”

“பட்டு பாக்க வந்தேன் முதலாளி.” பில்லைக் காட்டினாள்.

முதலாளி பில்லை இரண்டு பக்கமும் பார்த்தார். ‘வாடிக்கையாளர் எங்கள் தெய்வம்’ என்று அவருடைய தலைக்கு மேலேயே எழுதியிருந்தது. தெய்வத்தை எந்த இருக்கையிலிருந்தும் எழுப்புவதற்கு விதியில் இடமில்லை.

“ஏலே ரூபா, அம்மாக்குப் பட்டு எடுத்துப் போடு,” என்றார்.

ரூபன் எடுத்துப் போட்டான். வடிவு பார்த்தாள்.

“இந்த மடிப்பா நான் சொல்லிக்குடுத்தேன்? சரிகையில கோடு விழுந்துட்டு பாரு. மூணாவது தட்டுல இருக்கத எடு. அது காஞ்சிபுரம் இல்ல, ஆரணி. மாத்தி வச்சிருக்க.”

“அக்கா, நீ லீவுல்லா இருக்க?”

“நான் தெய்வமால்லா இருக்கேன். எடு.”

பதினோரு மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். மணப்பெண்ணுக்கு எதுவும் பிடிக்கவில்லை. நாற்காலியிலிருந்து வடிவு, ஒரு வாடிக்கையாளர் இன்னொரு வாடிக்கையாளரிடம் பேசுகிற முறையில், “ஒங்க நெறத்துக்கு அந்த இங்க் நீலம் எடுத்து வையிங்க,” என்றாள். பத்தொன்பது சேலை எடுத்தார்கள். அவர்களுக்கு எடுத்துப் போட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவளிடம் யோசனை கேட்டுக்கொண்டு போனார்கள். அவள் ஒன்றேகால் மணிவரை எழுந்திருக்கவில்லை. முதலாளி அவ்வழியே ஒன்பது முறை போனார். ஒன்பது முறையும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். வாடிக்கையாளர்கள் முதலாளிக்காக எழுவதில்லை.

வெள்ளிக்கிழமை ரூபன் உட்கார்ந்தான். நல்ல பையன். முதலாளி வந்தபோதெல்லாம் மரியாதையாக எழுந்து நின்றான். பதினோரு முறை எழுந்தான்.

அன்று மாலை முதலாளி கவுண்ட்டருக்கு வந்து என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். என்னிடம் இருந்த எண்ணிக்கையைச் சொன்னேன்.

“ஒம்பதுக்கு ஒம்பது அவ உக்காந்திருக்கா. இவன் ஒரு தடவகூட முழுசா உக்காரல,” என்றார். கொஞ்ச நேரம் பைகளைப் பார்த்தார். “எங்க அப்பா இருந்தா என்ன செஞ்சிருப்பாவ?”

“பெரிய முதலாளி உக்காந்ததத்தான் பாத்திருப்பாவ. யாரு உக்காந்தாவன்னு பாத்ததில்ல. பாக்க வேண்டிய அவசியம் வரல.”

அவர் வடிவைக் கூப்பிட்டார். “வார திங்கக்கெழமலேர்ந்து நீதான் சூப்பர்வைசர். முட்டிய வழக்கம்போல கவுண்ட்டர்ல வச்சிரு. நாற்காலி ஒனக்கு எடஞ்சல், என் ரூமுக்குத் தூக்கிரச் சொல்லுதேன்.”

“சரி முதலாளி,” என்றாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வரிசையில் நின்று முழங்கால்களைக் கழற்றிக் கொடுத்தாள். நான் 37-ஆம் எண் டோக்கனைக் கொடுத்தேன். அவள் ஒரு படிவம் கேட்டாள். கொடுத்தேன். விண்ணப்பதாரர் சண்முகவடிவு, அனுமதிப்பவர் சண்முகவடிவு. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கையெழுத்து. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முழங்கால்களைக் கொடுத்தேன். ஒன்பது மணி இரண்டு நிமிடம்.

“மிச்சப் படிவத்தையும் எடுங்க அண்ணாச்சி.”

எண்ணெய் படாதவை எண்பத்தாறு இருந்தன. அவளுக்குத் தேவைப்பட்டவை எண்பத்து மூன்று. அவள் நிரப்ப, நான் முத்திரை குத்தினேன். வரிசையில் நின்றவர்கள் வாங்கி மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். படியில் கேட்ட சத்தம் எனக்குப் புதிது. மடங்கி ஏறுகிற கால்களின் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது. ஜாக்கெட் துணிகள் ஸ்டூல்களிலிருந்து இறங்கின. வாடிக்கையாளர் வந்தால் எழுந்தார்கள், போனதும் உட்கார்ந்தார்கள்.

முதலாளி விதிப்புத்தகத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அவருடைய அப்பாவின் கையெழுத்து கீழே இருந்தது. புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்துவிட்டார். தம் அறைக்குப் போன நாற்காலியை மட்டும் பட்டுப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

பதினொன்றரைக்கு முதலாளியம்மா வந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்தான். வந்தால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். எவ்வளவு சொன்னாலும் உட்கார மாட்டார். அடக்கமானவர் என்று கடையில் பெயர். அன்று கல்லாப்பெட்டிக்குப் போகாமல், ஒரு காலை வீசி, மறு காலை வீசி என்னிடம் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பித்தளை டோக்கனைக் கவுண்ட்டரில் வைத்தார். தேய்ந்திருந்தாலும் எண் தெரிந்தது. 1.

“கல்யாணம் ஆன புதுசுல பட்டு செக்சன்ல ஒரு மாசம் நின்னேன்,” என்றார். “கட மூடும்போதுதான் தருவோம்னாவ. மூடுத நேரத்துல வீட்டுல சாப்பாடு எடுத்து வைக்கணும்லா. அதான் வர முடியல. இருவத்தாறு வருசம் ஓடிட்டு. இப்ப பகல்லயும் தாரியளாமே.”

வடிவு கீழே வந்து படிவத்தில் கையெழுத்திட்டாள். நான் ஆணியிலிருந்து பொது முழங்கால்களை எடுத்து, துடைத்துக் கொடுத்தேன். நிறையப் பேர் பயன்படுத்தியதால் நன்றாக மடங்கும் நிலையில் இருந்தன. பதிவேட்டின் முதல் பக்கத்தில், கரையான் விட்டுவைத்த இடத்தில், முதலாளியம்மா கையெழுத்திட்டார். சிவகாமி என்பது அவர் பெயர். மாடிக்குப் போய் விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டு எடுத்துப் போடச் சொன்னார்.

மதியம் ஒன்றரைக்கு முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போவது வழக்கம். பட்டுப் பிரிவின் ஓரத்தில் நின்று, “சிவாமி, வரலயா?” என்று கேட்டார்.

“இன்னும் பத்துச் சேல பாக்கணும். நீங்க போங்க.”

அவர் கீழே இறங்கி வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, தம் முழங்கால்கள் இரண்டையும் கழற்றிக் கவுண்ட்டரில் வைத்தார்.

“சோறு எடுத்து வைக்க வீட்டுல யாராவது ஒரு ஆளு நிக்கணும்லா,” என்றார்.

வீட்டில் அந்நேரம் வேறு யாரும் கிடையாது. யாருக்கு எடுத்து வைக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. காலியாக இருந்த 1-ஆம் எண் டோக்கனைக் கொடுத்தேன். மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கவராயத்தைப்போல வாசற்படி இறங்கிப் போனார். ஆண்களுக்கான படிவம் இன்னும் அச்சாகவில்லை என்பதை அவர் வந்ததும் சொல்ல வேண்டும்.