இடப்பக்கம் ஒன்றரைச் சுற்று

1

ஒரே ஒரு தந்தியைத் தட்டி நான்கு மாடிக் கட்டடத்தை நடுங்க வைத்து, பதினான்கு மாதம் வாய் திறக்காமல் கிடந்த மனிதரைப் பேச வைத்தவன் நான்.

கதை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். நோட்டை மேசைமேல் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், வரியின் ஓரத்தில் என் மனைவி பென்சிலால் எழுதியிருக்கிறாள்:

(நம்ம கட்டடம் ரெண்டே மாடி.)

அதை அழிக்கவில்லை. இனி அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள்தான். ஒன்றைக் கவனியுங்கள்: மாடியைத்தான் திருத்தினாள். பேச வைத்தேன் என்று எழுதியதைத் தொடக்கூட இல்லை. திருத்தும் தகுதிகூட இல்லாத பொய் என்று விட்டுவிட்டாள். அவளை நம்ப வைக்கத்தான் இந்தக் கதை. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

2

இரண்டாவது தொடக்கம்:

மச்சான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்தச் சுவரில்

இல்லை. சுவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஓட்டல்களிலும் விழா மேடைகளிலும் நாற்பது வருடம் பாஸ் கிட்டார்* வாசித்தவர். (முப்பத்தாறு.) இடது கையில் இரண்டு விரல்கள் மடங்க மறுத்ததும் கிட்டாரை விற்றுவிட்டு, இரண்டு பைகளோடு எங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். முதலில் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, மனசுதான் என்றார்.

தினமும் காலையில் என் மனைவி சாப்பாட்டுத் தட்டோடு போய்க் கட்டில் ஓரத்தில் உட்காருவாள். குழாயில் தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது, எல்லாவற்றையும் சொல்வாள். நடுநடுவே, அவர் பதில் சொல்வதற்கு வேண்டிய அளவு இடம் விட்டு நிறுத்துவாள். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

பேசாத ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது? அவரை வெட்டிவிட்டு என் பணி அனுபவங்களை எழுதலாமா என்றுகூட யோசித்தேன். (வேண்டாம்.)

* நான்கு தடித்த தந்திகள் உள்ள கிட்டார். பாட்டில் அது இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. மச்சானுக்கும் அந்தக் குணம் உண்டு.

3

உலகத்திலேயே மலிவான பாஸ் கிட்டாரை வாங்கியது நான்தான். நல்ல செருப்பு ஒரு ஜோடி அதைவிடக் கூட விலை. கூடவே ஒரு குட்டி ஒலிபெருக்கியோடு அட்டைப்பெட்டியில் வந்தது. அண்ணனிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினால் புண்ணில் கோலை விட்டுக் குத்துவது போலாகும் என்றாள் மனைவி. கையில் கொடுத்தால் பேசிவிடுவார் என்றேன் நான். கட்டிலில் வைத்தேன். அவர் தொடவில்லை. சுவர்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து அதற்கு இடம் விட்டார், அவ்வளவுதான்.

சரி, நானே தயார் செய்து காட்டுகிறேன் என்று பின்னறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான் முப்பத்தோரு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய அதிகாரி. எந்தப் பொருளையும் சோதிக்காமல் விடமாட்டேன். என் முடிவு: வார்னிஷ் அடித்தவர் அது காய்வதற்குள் கட்டைவிரலை வைத்திருக்கிறார், ரேகை அப்படியே இருக்கிறது. கழுத்தின் ஓரத்தில் உலோகப் பட்டைகளின் நுனியை யாரும் தேய்க்கவில்லை, மூன்று விரலில் ரத்தம் பார்த்தேன். ஒலிக் குமிழைத் திருப்பினால் எண்ணெயில் எதையோ பொரிப்பது போல ஒரு சத்தம். தலைப்பக்கம் கனம், விட்டால் தரையைத் தேடிப் போகிறது. தராசாக இருந்தால் அன்றே பறிமுதல் செய்திருப்பேன்.

4

கிட்டாரின் கழுத்துக்குள் நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. நுனியில் ஆலன் கீ என்ற வளைந்த சாவியைப் போட்டுத் திருகினால் கழுத்தின் வளைவு மாறும். எங்கள் கிட்டாரின் கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது. தந்திகள் பட்டைகளில் உரசி கிர்ர், கிர்ர் என்றன. என் அனுபவம் என்ன சொன்னது? எங்கே ஆட்டமோ அங்கே இறுக்கு. வலப்பக்கம் கால் சுற்று.

கிர்ர் கூடியது. இறுக்கியது போதவில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் இன்னொரு கால் சுற்று. அதற்கு மறுநாளும். ஐந்து நாள். ஐந்தாம் நாள் தந்தி, கண்ணாடிக் குடுவைக்குள் அகப்பட்ட ஆயிரம் வண்டுகள் போல (ஒரு வண்டு) கத்தியது. சமையலறையிலிருந்து அவள், காது வலிக்கிறது, நிறுத்துங்கள் என்றாள். சரியாகும் நேரத்தில் நிறுத்தச் சொல்கிறாள் என்று நான் மச்சானின் முதுகிடம் புகார் செய்தேன்.

5

இந்தப் பகுதியை ஏழு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் சின்னதாகிறது. கடைசியில் மிஞ்சியது இது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. மனைவி பல்பு வாங்கப் போயிருந்தாள். நான் ஆலன் கீயைப் போட்டு வலப்பக்கம் அழுத்தினேன். மரம் முனகியது. அப்போது மச்சான், சுவரைப் பார்த்தபடியே, தூசி படிந்த குரலில் சொன்னார்:

“மாப்ள, இறுக்காதீங்க. இளக்குங்க.”

இளக்கினேன். இடப்பக்கம் ஒன்றரைச் சுற்று. தடித்த தந்தியைத் தட்டினேன். கிர்ர் இல்லை. தாழ்ந்த, முழுசான ஓர் ஒலி கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ஏறி ஓடியது. அவர் தோள் ஒருமுறை அசைந்தது. அந்த ஒலி தேயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு மூச்சு விட்டார்.

அவ்வளவுதான். கட்டடம் நடுங்கவில்லை.

6

அவள் பல்போடு வந்தாள். அவளிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

உங்க அண்ணன் எழுந்து உட்கார்ந்தார், அரை மணி நேரம் பேசினார், உன்னைத்தான் கேட்டார், எங்கே என் தங்கச்சி என்று கேட்டார்.

ஏன் சொன்னேன்? மூன்று சொல்லை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷம் வேறு தலைக்கேறியிருந்தது. கடைக்காரனின் எடைக்கல்லில் ஒரு கிராம் குறைந்தால் அபராதச் சீட்டுக் கிழித்தவன், என் வாயில் வந்ததை ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை.

பல்பைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள். அண்ணா, நான் வந்துட்டேன் என்றாள். முதுகு. கட்டிலோரம் உட்கார்ந்தாள். மதியம் ஆனது, சாயங்காலம் ஆனது. இடம் விட்டு இடம் விட்டுக் காத்திருந்தாள். வெளியே வந்தபோது என்னைப் பார்த்த பார்வையை எழுத

அன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள் பிற்பகலில் மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். அதுவரை வேறெதுவும் பேசவில்லை.

அதன்பின் உண்மையை, மூன்றே சொல்லாகச் சுருக்கி, அவளிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். முதலில் அரை மணி நேரம் என்றீர்கள், இப்போது மூன்று சொல் என்கிறீர்கள், அடுத்த வாரம் இருமினார் என்பீர்கள் என்றாள். நியாயம்தான்.

இந்தப் பக்கத்தில் பென்சில் இல்லை.

7

முடிவுக்கு வருவோம். ஒன்று: மச்சான் எழுந்து, மடங்குகிற மூன்று விரலாலேயே… வேண்டாம். இன்னுமொரு முறை அவரை எழுப்ப எனக்குத் துணிவில்லை. இரண்டு: வாசலில் நின்ற மனைவியிடம் அந்த மூன்று சொல்லை மட்டும் சொல்கிறேன், அவள் போய் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்கிறாள், எதற்காகவும் காத்திருக்கவில்லை. இதுதான் நல்ல முடிவு. நடக்கவில்லை.

மூன்றாவதை உங்களிடம் விடுகிறேன். கொஞ்சம் யோசித்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேசவே இல்லை என்றால், அவரால் முடியவில்லை, பாவம், அத்தோடு விஷயம் தீர்ந்தது. பேசினார் என்றால், முடிந்திருக்கிறது. பதினான்கு மாதம், தினமும் காலையில், தங்கை இடம் விட்டு நிறுத்தியபோதெல்லாம் முடிந்திருக்கிறது. நான் நல்லவனாக இருந்தால் எல்லாமே பொய் என்று சொல்லியிருக்க வேண்டுமோ? எது அவளுக்கு நல்லது? எனக்குத் தெரியவில்லை. நோட்டைத் திறந்தபடியே மேசைமேல் விட்டுவிட்டுக் குளிக்கப் போகிறேன்.

8

குளித்துவிட்டு வந்தேன். பென்சில் மேசையில் இருந்தது, எதுவும் எழுதவில்லை. அவள் பின்னறையில், வெறுங்கட்டிலில், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அஞ்சு நாள் கிர்ருன்னுச்சு. வியாழக்கிழமை நான் வந்ததுக்கு அப்புறம் கிர்ருங்கல.”

நான் ஈரத் துண்டோடு வாசலிலேயே நின்று கேட்டேன். கேட்பது எனக்குக் கஷ்டமான வேலை என்று உங்களுக்குத் தெரியும்.

“ஹால் ஃபேன் ரெகுலேட்டரைத் தலைகீழா மாட்டிப் பதினோரு வருஷமாச்சு. அஞ்சுல வச்சாதான் மெதுவா சுத்தும்னு இன்னிக்கும் வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. ஒரு தடவை வலப்பக்கம் திருப்பினா, நீங்களா இடப்பக்கம் திருப்பற ஆளில்ல. யாரோ சொல்லியிருக்கணும்.”

தடித்த தந்தியை ஒற்றை விரலால் தட்டினாள். அது முழுசாக ஒலித்துத் தேயும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேசியிருக்காரு. எங்கிட்ட இல்ல. ஆனா பேசியிருக்காரு.”