ஒரு மணி வரை

கடையில் பெரிய ஆர்டர்காரர் ஒருவரிடம் பைப் விலைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பிளம்பர் போன் செய்தான். மணி பத்தே முக்கால். "அண்ணே, குடிக்கப் போறேன்," என்றான், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

நான் குடியை விட்டுப் பதினோரு வருஷம். அவன் விட்டு ஏழு மாசம். குடியை விட்டவர்கள் கூடுகிற எங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் கடவுளைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். நான் வியாபார வீட்டுப் பிள்ளை, எனக்குத் தெரிந்தது பேரம். குடிக்காதே என்று எவனிடமும் சொன்னதில்லை. குடி, ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். அவன் பதினொன்று என்பான், நான் நாலு என்பேன், நடுவில் ஒரு நேரம் படியும். அந்த நேரத்துக்குள் நானே கூப்பிட்டு அடுத்த பேரத்தை ஆரம்பிக்க வேண்டும். அப்படியே மணி மணியாக ஓட்டி ஏழு மாசம் வந்திருந்தோம். அன்றைக்கு ஒரு மணிக்குப் படிந்தது.

ஒரு மணியை நான் மறந்துபோனேன். ஆர்டர் முடிந்த குஷியில் டீ வரவழைத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தபோது ஒன்றரை. அவன் போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் என்னை நானே திட்டினேன். நான் கற்ற கெட்ட வார்த்தைகள் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டன.

அவன் வீட்டுச் சமையலறை மேடைமேல் பாட்டில். பக்கத்தில் விளிம்புவரை ஊற்றி வைத்த தம்ளர். அவன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் தொடலை. ஆனா ஒரு மணி தாண்டிடுச்சு. நீங்க கூப்பிடலை."

பாட்டிலை யார் வாங்கியது என்று கேட்டேன். தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த அவன் மனைவி, தான்தான் என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தாலி கட்டியவனைக் கொல்வதற்கு விஷமே வாங்கியிருக்கலாமே என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கடைக்காரன் விலையைச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பவளைப்போல நின்றாள்.

"குடிச்சா எட்டு மணிக்குத் தூங்கிடுவாரு. இப்ப தட்டு விழுந்தா கத்தறாரு, கதவு சாத்தினா கத்தறாரு. பொண்ணு பாத்ரூம்ல உக்காந்து பாடம் படிக்குது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த வீடு அமைதியா இருக்கட்டும்னு வாங்கினேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "பதினோரு வருஷம் ஆச்சே அண்ணே, உங்க வீட்ல யாராவது உங்ககூட உக்காந்து சாப்பிடறாங்களா?"

யார் சொல்லியிருப்பார்கள் இவளுக்கு? நானேதான். நான் வீட்டுக்குள் நுழைந்தால் டிவி சத்தம் தானாகக் குறைந்துவிடுகிறது என்று, குடும்பத்தோடு வந்திருந்த ஒரு கூட்டத்தில் வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இவள் சிரித்ததாக நினைவில்லை.

 பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிடத் தம்ளரை வெடுக்கென்று எடுத்தேன். முகத்தைத் தாண்டும்போது வாசனை ஏறியது. ஆத்திரம் இருந்த இடத்திலெல்லாம் அது போய் உட்கார்ந்தது. கை தொட்டிப் பக்கம் சாயவில்லை.

அவன் எழுந்து வந்ததை நான் பார்க்கவில்லை. பைப் முடுக்கிப் பழகிய பிடியில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

"அண்ணே."

அவன் கண்ணும் தம்ளரில்தான் இருந்தது. சரக்கு தளும்பி எங்கள் இரண்டு பேர் விரல்களிலும் வழிந்தது. அவள் கையை நீட்டித் தொட்டிக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.