அக்கா கொடுத்த கை

கத்தரி அக்காவின் வலது மணிக்கட்டில் எலும்பு கிடையாது. இருக்கவேண்டிய எட்டும் அவளுடைய தம்பியின் மருத்துவமனையில், கண்ணாடிப் பெட்டிக்குள், நீல வெல்வெட்டில் ஆளுக்கொரு குழியாக உட்கார்ந்திருக்கின்றன.

தையல் கடையில் துணி வெட்டுவது அவள் வேலை. பத்து மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் பிசிறில்லாமல் வெட்டுவாள் என்பதால் அந்தப் பெயர் வந்தது. பிரசவத்திலேயே அம்மா போய்ச் சேர்ந்ததால் தம்பியை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். மருத்துவக் கல்லூரிவரை கொண்டுபோய் விட்டதும் அவள்தான்.

முதல் வருடத்தில் அவனுக்கு மணிக்கட்டு பெரிய தலைவலியாக இருந்தது. கூழாங்கற்களைக் குலுக்கிப் போட்டது போல எட்டு எலும்பு. எது எதன் பக்கத்தில் என்று மண்டையில் ஏறவில்லை. அக்காவின் கையை மடியில் வைத்துக்கொண்டு அமுக்கி அமுக்கிப் படித்தான். சுண்டுவிரல் பக்கமிருக்கும் பட்டாணி எலும்பை அமுக்கியபோது, துளையிலிருந்து பித்தான் நழுவுவது போல அது வெளியே வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. ரத்தமும் இல்லை, வலியும் இல்லை.

“பரீட்சை முடிஞ்சதும் திருப்பி வெச்சிடறேன்க்கா.”

“அதுக்கென்ன, பட்டாணி அளவுதானே. நீ முதல்ல பாஸ் பண்ணு.”

பாஸ் பண்ணினான். அடுத்தடுத்த வருடங்களில் படகெலும்பு, பிறையெலும்பு, கொக்கியெலும்பு என்று ஒவ்வொன்றாக, வீட்டுக் குடை இரவல் போவது போலப் போயின. கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது போன அன்று கத்தரி கையில் நிற்கவில்லை. முதலாளி அவளை வெட்டு மேஜையிலிருந்து எழுப்பி, நூல் பிசிறு பொறுக்க உட்காரவைத்தார். அதை மட்டுமாவது கொடு என்று தம்பியிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

“ஒண்ணு குறைஞ்சா செட்டே வீணாயிடும்க்கா. பசங்களுக்கு எதைக் காட்டிப் பாடம் நடத்தறது?”

நடுவிலிருந்த பெரிய எலும்பும் போனபின் கை பிழிந்த துணியாகத் தொங்கியது. அவன் மணிக்கட்டுக்கென்றே பேர்போன டாக்டரானான். பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். “எங்க அக்கா மட்டும் கை கொடுக்கலைன்னா நான் இல்ல” என்றான். கூட்டம் கைதட்டியது. அவளுக்குத் தட்ட வழியில்லை. மேடைக்கு அழைத்து அவள் கையைப் பிடித்துத் தூக்கியவனின் முகம் சுருங்கியது.

“என்னக்கா இது, கை இப்படித் தொங்குது? எங்கிட்ட காட்டவே இல்லையே. திங்கக்கிழமை வா.”

மறந்துவிட்டிருந்தான். நடிப்பில்லை, நிஜமாகவே மறந்துவிட்டிருந்தான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

திங்கட்கிழமை வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அவள் கையில் எதெல்லாம் இல்லை என்று ஒவ்வொரு எலும்பாக எடுத்துக் காட்டி விளக்கினான். கட்டைவிரலடி எலும்பை அவள் இடக்கையால் எடுத்து, பழைய இடத்தில் வைத்து அழுத்தினாள். தோல் திறக்கவில்லை. வார்னிஷ் பூசிய எலும்பு வழுக்கி, மேஜையில் உருண்டு, அவன் பக்கமாகப் போய் நின்றது.

“விளையாடாதக்கா, இந்த மாதிரி செட்டு இப்பல்லாம் கிடைக்காது” என்று அதைத் துடைத்துக் குழியில் வைத்தான். பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பிறந்ததுலேருந்தே இல்ல போலிருக்கு. சிலருக்கு இப்படி அமையும்” என்றான்.

“ஆமா தம்பி” என்றாள் அவள். “நீ பிறந்ததுலேருந்தே இல்ல.”

அவன் தலையாட்டிவிட்டு, அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி மணியடித்தான்.