கில்லாவை விட்டுப் போனவர்கள்

புதன்கிழமை காலை கனகவல்லி வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் ரவிசந்திரன் அவள் மேஜைமேல் மூன்று தாள்களை வைத்துவிட்டார். நூறு பெயர்கள், நூறு போன் நம்பர்கள்.

“இவங்கெல்லாம் நம்மளை விட்டுப் போனவங்க. ஒவ்வொருத்தரையா கூப்புட்டு ஏன் போனீங்கன்னு கேளுங்க. திட்டுனாங்கன்னா அதையும் எழுதிக்குங்க.”

அவர்கள் விட்டுப் போனது ‘கில்லா’வை. மராத்தியில் கில்லா என்றால் கோட்டை. தீபாவளிக்குப் புனேப் பிள்ளைகள் வாசலில் மண்ணைக் குழைத்துக் கோட்டை கட்டி, அதில் பொம்மை வீரர்களை நிறுத்துவார்கள். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த ரவிசந்திரன் அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த விளையாட்டை எழுதினார். ஊரெல்லாம் சைபர் கஃபேக்கள் முளைத்த நேரம். ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரே கோட்டைக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து சண்டை போடலாம். 2004-ல் ஒரு சாயங்காலத்தில் இரண்டாயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். இப்போது 2007 ஆகஸ்டில் நூற்று நாற்பது பேர்.

ரவிசந்திரனுக்குக் காரணம் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தார். படங்கள் பழசாகிவிட்டன. அதற்காக ஏழு மாதமாக ஒரு டிராகனை வரைந்துகொண்டிருந்தார். அதன் வால் மட்டும் இன்னும் சரியாக ஆடவில்லை.

கனகவல்லிதான் அந்தச் சின்னக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை முழுவதும். புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் வேலூர்த் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளிக்கூடத்தில் இந்தி என்று மூன்றிலும் சரளமாகச் சண்டை போடுவாள். ஆபீஸில் ரவிசந்திரனைத் தவிர யாருக்கும் முழுப் பெயர் வாயில் நுழையாததால் ‘கனக்’ ஆகிவிட்டாள்.

கேள்வித் தாளில் நான்கு கட்டங்கள் இருந்தன. வேகம் போதவில்லை, படம் பழசு, வேறு விளையாட்டு, நேரமில்லை. ஒன்றில் டிக் அடித்தால் போதும். ஆனால் போனை எடுத்தவர்கள் கட்டத்துக்குள் அடங்குவதாக இல்லை. சிலருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒருவருக்கு இரட்டைக் குழந்தைகள். பேசும்போதே இரண்டும் பின்னால் அலறின. ஒருவன் அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டாள் என்று ஒப்புக்கொண்டான். மற்றவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தார்கள்: “நம்ம ஆளுங்க யாரும் இல்லீங்க.”

கராடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்த ஹரீஷ் மட்டும் தமிழில் மனம்விட்டுப் பேசினான்.

“வடக்கு வாசல் கதவை அஞ்சு பேர் சேர்ந்து தள்ளுனாதான் திறக்கும், தெரியுமில்ல? கடைசில நாங்க நாலு பேர்தான். அஞ்சாவது ஆளுக்காக டெய்லி அங்க போய் நிப்போம். அப்புறம் மூணு, அப்புறம் ரெண்டு. ஒருநாள் நான் மட்டும் கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். எனக்கே வெக்கமாப் போச்சு. கம்ப்யூட்டரை மூடிட்டுத் தூங்கிட்டேன்.”

“அந்த அஞ்சாவது ஆள் யாரு?”

“ரீனா. இங்க கேம்ப் ஏரியால இருக்காங்க.”

ரீனாவின் பெயரும் பட்டியலில் இருந்தது. உடனே கூப்பிட்டாள். ரீனா இந்தியில் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். “சண்டை எல்லாம் இல்ல. ஒருநாள் ஜுரம், போகல. ஏன் வரலைன்னு யாரும் கேக்கல. சரின்னு அடுத்த நாளும் போகல.”

“முன்னாடி மட்டும் யாராவது கேப்பாங்களா?”

“பானு கேப்பாளே!”

அதன்பிறகு கனகவல்லி கட்டங்களைக் கைவிட்டாள். யார் போன பிறகு போனீர்கள் என்று மட்டும் கேட்டு, தாளின் பின்பக்கம் பெயருக்குப் பெயர் அம்புக்குறி போட்டாள். வெள்ளிக்கிழமை மாலை பார்த்தால் எந்த அம்பைப் பிடித்துப் போனாலும், நான்கைந்து பெயர் தாண்டி, பானுவிடம் போய் நின்றது. அந்தப் பானு நூறு பேர் பட்டியலில் இல்லை. கணக்கைத் தேடி எடுத்தாள். ‘பானு77’. பெயருக்கு எதிரே சிவப்பில் ‘தடை செய்யப்பட்டது’ என்று இருந்தது. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. முகவரி, கட்கி பஜாரில் ஒரு சைபர் கஃபே. கனகவல்லியின் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

சனிக்கிழமை காலை போனாள். கஃபே இப்போது ஜெராக்ஸ், லாமினேஷன், பாஸ்போர்ட் ஃபாரம் என்று போர்டு மாறியிருந்தது. கவுண்டரில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு யாருக்கோ ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“பானுங்கறது நீங்களா? கில்லா கம்பெனியிலேர்ந்து வர்றேன். என் பேர் கனகவல்லி.”

“அரே! ஒன்றரை வருஷம் கழிச்சு ஆளை அனுப்பியிருக்காங்களா? உக்காருங்க, உக்காருங்க.” கோபமே இல்லாத சிரிப்பு. “இது என் மச்சானோட கடை. அப்போ கஃபே. நான் கவுண்டர்ல சும்மா உக்காந்திருப்பேன். எனக்குச் சண்டையெல்லாம் தெரியாது. வாளை எடுத்தா என்னையே வெட்டிக்குவேன். கோட்டைக்குள்ள யார் வந்தாலும் ‘ஜேவண் ஜாலா கா?’ன்னு கேப்பேன். சாப்பாடு ஆச்சான்னு, அவ்வளவுதான். ஒருத்தன் மெஸ் சாம்பாரைத் திட்டுவான், ஒருத்தி எக்ஸாம்னு அழுவா. பேச்சு போய்க்கிட்டே இருக்கும்.”

“அப்புறம் ஏன் தடை?”

“ஒருநாள் உள்ள போனா சிவப்பு எழுத்து. ஒரே வாக்கியத்தை ஒரு மணி நேரத்துல அம்பது தடவைக்கு மேல அனுப்பினேனாம். நான் ஏதோ சாமான் விக்க வந்த விளம்பரக்காரியாம்!”

“நீங்க கம்பெனிக்கு எழுதலையா?”

“மூணு தடவை எழுதினேன். கனக்னு ஒரு ஆள் பதில் போட்டான். ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்’னு. மூணுக்கும் அதே பதில், ஒரு எழுத்து மாறல. விளம்பரக்காரன்னு முதல்ல அவனை இல்ல பிடிச்சிருக்கணும்?”

கனகவல்லிக்குக் காது சுட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் போகிற பதில் அது. தினமும் நாற்பது ஐம்பது பேருக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு கடிதத்தையும் இரண்டாவது வரிக்கு மேல் படித்த ஞாபகம் இல்லை.

“அக்கா... அந்தக் கனக் ஆம்பளை இல்ல.”

“பின்ன?”

“நான்தான்.”

பானு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வந்த சிரிப்பில் ஃபாரத்துக்காகக் காத்திருந்தவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். பானு எதிர் டீக்கடையைப் பார்த்து இரண்டு சாய் என்று குரல் கொடுத்தாள்.

“மன்னிச்சிருங்க அக்கா.”

“ரெண்டு நாள் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். நம்ம மூஞ்சி பிடிக்கலை போலன்னு நினைச்சேன். சரி விடு. சாயைக் குடி, ஆறிடப் போவுது.”

திங்கட்கிழமை ரவிசந்திரன் அம்புக்குறித் தாளை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தானா தடை போடற அந்த ஃபில்டரை எழுதுனது நானுங்க,” என்றார் கடைசியில். “விளையாட்டுக்குள்ள வந்து தங்கக் காசு விக்கறேன்னு தொல்லை பண்ணுனானுங்க, அவனுங்களைப் பிடிக்க. இந்தம்மா மாட்டுவாங்கன்னு நினைக்கவே இல்லீங்க. நல்ல மனுசங்களை வெளிய தள்ளிட்டு நான் டிராகன் வாலை ஆட்ட வச்சுட்டு இருந்திருக்கறேன்.”

தடையை அவரே நீக்கினார். பானு உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கடையில் கூட்டம், நேரமில்லை என்றாள். கடைசியில் ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் என்று இறங்கி வந்தாள். கனகவல்லி அதே பட்டியலை எடுத்து, முதல் பெயரிலிருந்து மறுபடியும் போன் போட்டாள். இந்த முறை கேள்வி எதுவும் இல்லை. “ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குப் பானு வர்றாங்க” என்று மட்டும் சொன்னாள்.

அன்று கடையில் பானு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கனகவல்லியும் பார்த்தாள். ஐந்து மணிக்கு வடக்கு வாசலில் ஹரீஷ் மட்டும் நின்றான். ஐந்தேகாலுக்கு ரீனா வந்தாள். பிறகு திரையின் ஓரத்தில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத் தொடங்கின. இரட்டைக் குழந்தைக்காரர் ஒரு கையால்தான் டைப் செய்கிறேன் என்று எழுதினார். பானுவின் விரல்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஒவ்வொருவரிடமும் சாப்பாட்டை விசாரித்து, குழந்தை பெயர் என்ன, வேலை மாறினாயா, மெலிந்தாயா, பெருத்தாயா என்று போய்க்கொண்டே இருந்தாள். கதவைத் தள்ள வேண்டுமென்று ஆறு மணிக்குத்தான் யாருக்கோ நினைவு வந்தது. அறுபது பேர் மொத்தமாகத் தள்ளினார்கள். ஒரே கதவில் அத்தனை பேரைத் தாங்காமல் விளையாட்டே இரண்டு நிமிடம் உறைந்து நின்று, பிறகு கதவு படாரென்று திறந்தது. பானு கடையிலேயே கை தட்டினாள். ஒரு மணி நேரம் என்றவள் எழுந்தபோது எட்டாகியிருந்தது.

இரண்டாயிரம் பேர் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் பெற்றவர்கள் பெற்றவர்கள்தான், அமெரிக்கா போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் அந்த வருடக் கடைசியில் சாயங்காலங்களில் நானூறு ஐந்நூறு பேர் உள்ளே இருந்தார்கள். கதவை இரண்டு பேரே திறக்கும்படி ரவிசந்திரன் மாற்றினார். பாதி நாள் வேலைக்குப் பானுவைப் பாணேரில் இருந்த ஆபீஸுக்கே அழைத்துக்கொண்டார். கடிதங்களைப் படித்துப் பதில் எழுதுவது அவள் பொறுப்பு; பிழை பார்த்து அனுப்புவது கனகவல்லியின் பொறுப்பு.

மார்ச் மாதத்தில் மேரி என்று நாசிக்கிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது, இனி விளையாட முடியாது, என் கணக்கை மூடிவிடுங்கள் என்று. வழக்கப்படி இப்படிப் போகிறவர்களைப் பிடித்து வைக்க விளையாட்டில் இலவசக் கேடயம் ஒன்று கொடுப்பதுண்டு. பானு கேடயத்தைப் பற்றி எழுதவில்லை.

“சந்தோஷமாப் போய்ட்டு வா மேரி,” என்று எழுதியிருந்தாள். “ஊறுகாயை ரெண்டு கவர் போட்டுக் கட்டு, பெட்டிக்குள்ள கொட்டிடும். அங்க போனதும் ஒரு வரி எழுது.”

கனகவல்லி அதை இரண்டு முறை படித்தாள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பிவிட்டு, அடுத்த கடிதத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.