சிவப்புப் பக்கம்

வாருங்கள், வந்து ஓர் அநியாயத்துக்குச் சாட்சியாக நில்லுங்கள். இடம் இலங்கையில் பெல்மதுளைச் சந்தி, பவாஸின் கம்ப்யூட்டர் கடை, மேல்மாடி. காலம் இரண்டாயிரத்து எட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றவாளி அந்நியனல்லன், நம் பிள்ளை. பெற்றவர்கள் வைத்த பெயர் பிரதீபன். கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது பெயரின் வாலை நறுக்கிவிட்டுப் பிரதீப் ஆனான். சிங்களவனாகவே மூன்று ஆண்டுகள் உலவினான். பஸ்ஸில் தமிழில் வாய் திறக்க அஞ்சிய யுத்த காலம் அது. அதற்காக அவனைப் பழிக்கவேண்டாம். பழிக்கவேண்டியது இனித்தான் வருகிறது.

அன்று காலை, கடை வெறுமையாக இருந்தபோது, தான் வளர்ந்த ரப்பர் தோட்டத்து அழகமுத்துவை அவனே அழைத்து வந்து உட்கார்த்தினான். அழகமுத்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவன், வயது இருபத்திரண்டு. பிரதீபன் போட்டுக் கொடுத்தது துவக்கால் சுடும் பழைய பாணி விளையாட்டு. மங்கல் சுவர்கள், சதுரமான மனிதர்கள்.

"படம் ஒண்ணும் அழகா இல்லையேண்ணே. அந்தப் பக்கத்து மெஷின்ல ஓடுறது சினிமா மாதிரி இருக்கு."

"அதுல பழைய ஆளுக்குத்தான் பெரிய துவக்கு. இதுல நேத்து வந்தவனும் பத்து வருசம் வெளையாடுனவனும் ஒரே சின்னத் துவக்கோடதான் தொடங்கணும். பெருசெல்லாம் தரையில கெடக்கும், தேடி எடுக்கணும். அவசரப்படாத. காதக் குடுத்து வெளையாடு, காலடி கேக்கும்."

"தொரை மகனும் நாமளும் ஒண்ணுங்கிறீங்க?"

"ஆமாடா."

"அப்ப நல்ல வெளையாட்டுத்தான்."

மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவப் பழகிய கை அது. மவுஸ் அந்தக் கைக்கு ஒரு மணி நேரத்தில் அடங்கியது. மத்தியானத்துக்குள் எடுக்கப்பட்ட எந்தக் கவசம் எத்தனை நொடியில் அதே இடத்தில் மீண்டும் தோன்றும் என்பதை வாய்க்குள் எண்ணத் தொடங்கிவிட்டான். கற்பித்தவனின் முகத்தில் அப்போது இருந்த பெருமை பொய்யில்லை.

இரண்டு மணிக்கு வழக்கமான இளைஞர்கள் ஆறு பேர் படியேறி வந்தார்கள். நான்கு பேர் நீலம், நான்கு பேர் சிவப்பு. அந்தக் கடையில் நீலத்துக்கு, இராணுவம் என்ற பொருளில், 'ஆமி' என்று பெயர். சிவப்புக்குக் 'கொட்டி', அதாவது புலிகள். சிவப்பில் விருப்பத்தோடு உட்கார்ந்தவர் எவருமில்லை. அணி பிரிப்பவன் பிரதீபன், அவன் இடம் எப்போதும் நீலத்தில்.

பவாஸ் தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்தப் பொடியன் ஒங்கட தோட்டத்து ஆள்தானே?"

பிரதீபன் சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கப் பதில் சொன்னான். "யாரோ தோட்டத்தான், எனக்குத் தெரியாது. சிவப்பில் போடுவோம், பொருத்தமாக இருக்கும்."

கடை சிரித்தது. அந்தப் பகடியை அவனிடம் எவரும் கேட்கவில்லை. தானாகவே எடுத்துக் கொடுத்தான். அழகமுத்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு திரையையே பார்த்திருந்தான். அவனுக்குக் கேட்டிருக்காது என்று பிரதீபன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடம். காதை மூடியிருப்பவன் தன் குரலின் அளவை அறியான். அழகமுத்துவின் குரல் கடையையே நிறைத்தது.

"அண்ணே! ஒங்க பின்னுக்கு நிக்கிறேன், திரும்புங்க!"

பிரதீபன் திரும்பினான். பெரிய துவக்கை ஏந்திச் சுடாமல் நின்ற சிவப்பு மனிதனைச் சுட்டு வீழ்த்தினான். "கொட்டியா இவராய்!" என்று கத்தினான்: புலி தீர்ந்தது.

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவன் ஏளனம் துளியுமின்றிச் சிங்களத்தில் கேட்டான். "உன் தம்பியா?"

ஆம் என்று ஒரு சொல் போதும். எவரும் அவனை அடித்திருக்கமாட்டார்கள். அது அவனுக்கு அந்தக் கணமே தெரிந்திருந்தது. தெரிந்தும் இல்லையென்று தலையசைத்தான்.

அழகமுத்து ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"மாட்டியிருந்தாலும் வெளியில பேசுறது கேக்குதுங்கண்ணே," என்றான். "அப்பவே கேட்டுச்சு. ஆனா ஒங்களச் சுட மனசு வரல."

அவன் இறங்கிப் போனான். பிரதீபனும் எழுந்தான், பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. எதிரே பஸ் நிறுத்தத்தில், நெரிசலுக்குச் சற்று விலகி, அழகமுத்து தனியே நிற்கிறான். அவனைக் கூப்பிட்டால் தமிழில்தான் கூப்பிடவேண்டும். பிரதீபன் பாதிப் படியிலேயே நிற்கிறான்.

பஸ் இன்னும் வரவில்லை. நீங்கள் போங்கள். சாலையைக் கடந்து அவன் பக்கத்தில் நில்லுங்கள். "எந்தத் தோட்டம், தம்பி?" என்று, தெரு முழுதும் திரும்பிப் பார்க்க, உரக்கக் கேளுங்கள்.